வீட்டுப் பெட்டியில் இருக்கும் கடிதங்களை ஆய்வேட்டில் எப்படிச் சான்று காட்டுவது?

ஆய்வு_மாணவி

எல்லோருக்கும் வணக்கம். வரலாற்றுத் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். 1930களின் பொருளாதார மந்தத்தின்போது பர்மாவில் நகரத்தார் வட்டிக்கடைகளுக்கு என்ன நடந்தது என்பதுதான் தலைப்பு. காரைக்குடிப் பக்கம் ஒரு குடும்பத்தார் தங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்த கடிதக்கட்டையும் சில பேரேடுகளையும் பார்க்க அனுமதித்தார்கள். பர்மாவில் கடையை நடத்திய மேலாள், ஊரில் இருந்த முதலாளிக்கு எழுதிய கடிதங்கள். நெல் விலை விழுந்தது, கடன் வாங்கியவர்கள் வட்டிகூடக் கட்ட முடியாமல் நிலத்தை எழுதிக் கொடுத்தது, அந்த நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மேலாள் தவித்தது எல்லாம் அவற்றில் இருக்கின்றன. எந்த அரசு அறிக்கையிலும் இப்படி ஒரு குரலை நான் படித்ததில்லை.

படம் எடுத்துக்கொள்ளவும் சம்மதித்தார்கள். ஆனால் இரண்டு நிபந்தனைகள். குடும்பத்தின் பெயர், விலாசம் எதுவும் வெளியே தெரியக்கூடாது. அச்சுக்குப் போகும் முன் எழுதியதை அவர்கள் படித்துப் பார்க்க வேண்டும்.

இது தவிர, அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் தகப்பனார் சொன்னதாக வாய்மொழியாகச் சொன்ன செய்திகள் இருக்கின்றன. ஒரு பேராசிரியர் இன்னும் அச்சேறாத தன் கட்டுரையை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார். இவை எல்லாவற்றையும் துணைநூற்பட்டியலில் சேர்க்கச் சொல்கிறார் நெறியாளர். அச்சில் வராத எதுவும் பட்டியலில் வரவே கூடாது என்கிறார் துறையில் இன்னொருவர். யார் சொல்வது சரி?

அடிக்குறிப்பு

இரண்டு பேரும் அவரவர் பழகிய நடைமுறையைச் சொல்கிறார்கள். உளவியல், கல்வியியல் துறைகளில் பரவலாக இருக்கும் ஏபிஏ முறையில், வாசகர் தேடிப் போய் எடுக்க முடியாத எதுவும் பட்டியலுக்குள் வராது. தனிப்பட்ட கடிதம், மின்னஞ்சல், தொலைபேசிப் பேச்சு எல்லாம் 'தனிப்பட்ட தொடர்பு' என்ற குறிப்போடும் நாளோடும் உரைக்குள்ளேயே நின்றுவிடும். அதே கடிதம் ஓர் ஆவணக் காப்பகத்தில் இருந்தால் பட்டியலுக்கு வந்துவிடும். இலக்கியத் துறையினர் பின்பற்றும் எம்எல்ஏ முறையில் உங்களுக்கு வந்த கடிதத்தையும் மின்னஞ்சலையும் பட்டியலில் சேர்க்கலாம். வரலாற்றுக்காரர்கள் அதிகம் கையாளும் சிகாகோ முறை எல்லாவற்றையும் அடிக்குறிப்பில் விரிவாகச் சொல்லச் சொல்கிறது. தனிப்பட்ட தொடர்புகளைப் பட்டியலில் சேர்ப்பது அதில் அபூர்வம்.

ஆகவே பல்கலைக்கழகம் எந்த முறையைக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள். பட்டியலா, அடிக்குறிப்பா என்பது அதோடு தீர்ந்துவிடும்.

ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு ஒன்றைப் பற்றி. உங்களிடம் இருக்கும் மூன்றும் மூன்று வகை. கடிதக்கட்டு ஒரு பொருள். இன்றைக்குப் பூட்டிய பெட்டியில் இருந்தாலும் நாளை இன்னொருவர் திறந்து பார்க்க முடியும். பெரியவர் சொன்னது, நீங்கள் பதிவு செய்திருந்தால்தான் ஒரு சான்று. பதிவு இல்லையென்றால் உங்கள் ஞாபகம் மட்டும்தான் மிச்சம். பேராசிரியரின் கட்டுரை அவருடைய உழைப்பு. அவர் சம்மதம் இல்லாமல் அதிலிருந்து ஒரு வரிகூட எடுக்கக் கூடாது.

கல்வெட்டு

நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசப்போகிறேன், மன்னிக்க வேண்டும். பெயர் சொல்லக்கூடாது, ஊர் சொல்லக்கூடாது, வேறு யாரும் பார்க்க முடியாது என்றால் அதை எப்படிச் சான்று என்று ஏற்பது? உங்களை நம்பு என்று வாசகரிடம் கேட்கிறீர்கள். நான் உங்களைச் சந்தேகப்படவில்லை. ஆனால் இதே முறையில் நாளைக்கு ஒருவர் இல்லாத கடிதத்தை மேற்கோள் காட்டினால் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் நடந்ததை ஒரு தனி மனிதர் தனக்காக எழுதி வைத்தது. 1846இல் அது கண்டெடுக்கப்பட்டு, பிரதி எடுக்கப்பட்டு, மொழிபெயர்க்கப்பட்டு, அச்சான பிறகுதான் நாம் எல்லோரும் அதை வைத்து வாதாட முடிகிறது. ராமானுஜன் நோட்டுப் புத்தகங்களும் அப்படித்தான். அவர் இறந்தது 1920இல். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1957இல் அவற்றை உருவ நகலாகவே அச்சிட்டது. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த தாள்களும் 1988இல் அதே மாதிரி அச்சுக்கு வந்தன. ஒரு சூத்திரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். தனிச்சொத்தாக இருந்தது பொதுவில் வந்த பிறகுதான் அதன் மேல் கட்டடம் எழுந்தது.

உங்கள் ஆய்வின் மையமான வாதம் அந்தக் கடிதங்கள் மேல் மட்டும் நிற்கிறதென்றால் நான் மதிப்பீட்டாளராக இருந்தால் திருப்பி அனுப்புவேன். பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கை இருக்கிறது. கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் நகரத்தார் கையில் இருந்தது 1930இல் சுமார் 6 சதவீதம், 1938இல் சுமார் 25 சதவீதம் என்ற அரசுக் கணக்கும் இருக்கிறது. கடிதங்கள் சொல்வதை அவற்றோடு வைத்துப் பாருங்கள். பொதுவில் இருக்கும் சான்று எலும்பாகவும் கடிதம் சதையாகவும் இருக்கட்டும்.

சோதனைச்சாலை

நான் உயிர்வேதியியல் ஆள். எங்கள் துறையிலேயே புகழ்பெற்ற ஒரு கதை இருக்கிறது, இங்கே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் அமைப்பை வாட்சனும் கிரிக்கும் 1953 ஏப்ரல் 25 நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். அந்த மாதிரி உருவாவதற்கு ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் வெளியிடப்படாத தரவு பெரிதும் உதவியது. அவருடைய மாணவர் கோஸ்லிங் 1952 மே மாதம் எடுத்த எக்ஸ்ரே படத்தை லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஃபிராங்க்ளினோடு வேலை பார்த்த வில்கின்ஸ் 1953 ஜனவரியில் வாட்சனுக்குக் காட்டினார். ஃபிராங்க்ளினுக்கு அது தெரியாது. 1952 டிசம்பரில் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் பார்வையாளர்களுக்காகத் தயாரான அறிக்கையில் அவருடைய அளவீடுகள் இருந்தன. அந்தப் பார்வையாளர் குழுவில் இருந்த பெரூட்ஸ் வழியாக அது கிரிக் கைக்குப் போனது. அறிக்கையில் ரகசியம் என்று எழுதியிருக்கவில்லை என்று பெரூட்ஸ் பின்னாளில் விளக்கம் சொன்னார்.

சரி, நேச்சர் கட்டுரையில் இதற்கு என்ன சான்று காட்டினார்கள்? வில்கின்ஸ், ஃபிராங்க்ளின், அவர்களுடைய சகாக்கள் ஆகியோரின் வெளியிடப்படாத முடிவுகளின் பொதுவான தன்மையை அறிந்திருந்தது தங்களுக்குத் தூண்டுதலாக இருந்தது என்று நன்றிப் பகுதியில் ஒரு வாக்கியம். எந்த அளவீடு, எந்த அறிக்கை, யார் கொடுத்தது என்று ஒன்றும் இல்லை. 1954இல் எழுதிய விரிவான கட்டுரையில்தான் கிங்ஸ் கல்லூரித் தரவு இல்லாமல் இந்த அமைப்பை எட்டியிருப்பது அநேகமாக முடியாத காரியம் என்று ஒத்துக்கொண்டார்கள். முதல் கட்டுரையைப் படித்த அளவுக்கு இரண்டாவதை யார் படித்தார்கள்? ஃபிராங்க்ளின் 1958இல் இறந்துவிட்டார். தன் தரவு எவ்வளவு தூரம் பயன்பட்டது என்பது அவருக்கு முழுதாகத் தெரிந்திருந்ததா என்பதே இன்றுவரை விவாதமாக இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் கோபம் இன்னும் தணியவில்லை. அச்சேறாத தரவைப் பயன்படுத்துகிறவர் எதை எடுத்தேன், யாரிடமிருந்து எடுத்தேன் என்று அச்சேறியதைவிடத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் உரியவருக்கு அதைத் தவிர வேறு பதிவே கிடையாது.

இன்றைக்கு மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு இதற்கு வழி சொல்லியிருக்கிறது. பொதுவில் கிடைக்காத அத்தியாவசியத் தகவல் என்றால் மட்டுமே தனிப்பட்ட தொடர்பைக் காட்டலாம். அப்போதும் சொன்னவர் பெயரும் நாளும் அடைப்புக்குறிக்குள் வர வேண்டும், எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், நாம் எழுதியது சரிதான் என்று அவரே உறுதி செய்ய வேண்டும். அந்தப் பேராசிரியரின் கட்டுரைக்கு இதைச் செய்யுங்கள்.

அச்சேறாதது எல்லாம் தனிப்பட்டது என்று அர்த்தம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணிதவியலாளர் பெரல்மான், புவான்கரே யூகம் என்ற பழைய கணிதப் புதிருக்கான நிரூபணத்தை 2002, 2003இல் ஆர்க்கைவ் என்ற திறந்த இணையதளத்தில் போட்டதோடு சரி, எந்த இதழுக்கும் அனுப்பவில்லை. உலகமே அதை மேற்கோள் காட்டுகிறது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா தளத்தில் இருப்பவையும் அப்படித்தான். புத்தகமாக வராவிட்டாலும் யாரும் திறந்து படிக்கலாம். அவற்றைத் தயங்காமல் பட்டியலில் சேருங்கள்.

பழைய_பெட்டி

இங்கே யாரும் வீட்டுக்காரர் பக்கம் நின்று பேசவில்லை, நான் பேசுகிறேன். எங்கள் குடும்பத்திலும் மலாயாக் கடைக் கணக்குகள் இருக்கின்றன. சில வருடங்களுக்கு முன் ஆய்வு என்று சொல்லி ஒருவர் வந்தார். காப்பி கொடுத்து உட்காரவைத்து எல்லாவற்றையும் காட்டினோம். பிறகு வெளிவந்த கட்டுரையில் எங்கள் பாட்டையா பெயர், யாருக்கு எவ்வளவு கடன் பாக்கி, பங்காளிகளுக்குள் நடந்த வழக்கு எல்லாம் வந்துவிட்டது. எங்களுக்கு ஒரு பிரதிகூட அனுப்பவில்லை. உறவினர்கள் எங்களோடு பேச்சை நிறுத்தினார்கள். அதன் பிறகு பெட்டியை யாருக்கும் திறப்பதில்லை.

பெயர் வேண்டாம் என்று அந்தக் குடும்பம் கேட்பதற்கு இப்படி ஏதாவது காரணம் இருக்கும். அதோடு ஒன்றைக் கவனியுங்கள். பெயரை மட்டும் எடுத்துவிட்டால் போதாது. எங்கள் பக்கத்தில் கடைக்கு ஒரு விலாசம் உண்டு, எழுத்துகளை வரிசையாகக் கோத்தது. அதில் இரண்டு எழுத்து தெரிந்தாலே யார் வீடு என்று சொல்லிவிடுவார்கள். எந்த நகரக் கோயிலை (நகரத்தாரின் குலப்பிரிவுக் கோயிலை)ச் சேர்ந்தவர்கள், பர்மாவில் எந்த ஊரில் கடை என்று இரண்டும் சேர்ந்து வந்தாலும் போதும். படத்தைப் பின்னிணைப்பில் போட்டால் கடிதத் தலைப்பிலேயே விலாசம் இருக்கும்.

வழக்குரை

சட்டப்பக்கம் கொஞ்சம் சொல்கிறேன். தாள் யாரிடம் இருக்கிறதோ அவருக்கே எழுத்தின் உரிமையும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கடிதத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கு, அவருக்குப் பின் அவர் வாரிசுகளுக்கு. உங்கள் விஷயத்தில் மேலாள் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் என்பதால், கடை வேலையாக எழுதிய கடிதங்களின் உரிமை முதலாளியுடையது என்று வாதாட இடம் உண்டு. தன் வீட்டாருக்கு எழுதிய கடிதம் ஏதாவது கட்டுக்குள் கலந்திருந்தால் அது வேறு கதை.

நம் நாட்டில் பொதுவாக ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. ஆனால் அவர் உயிரோடு இருக்கும்போது வெளிவராத இலக்கியப் படைப்புக்கு, அது முதலில் வெளியாகும் ஆண்டிலிருந்துதான் 60 ஆண்டைக் கணக்கிடுகிறது 1957ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே பழசுதானே என்று மொத்தக் கடிதத்தையும் பின்னிணைப்பில் போட்டுவிடாதீர்கள். ஆய்வுக்காகச் சில வரிகளை மேற்கோள் காட்டுவதை நியாயமான பயன்பாடு என்று சட்டம் அனுமதிக்கிறது. முழுக் கடிதம் வேண்டுமென்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அமெரிக்காவில் எழுத்தாளர் சாலிஞ்சரின் கடிதங்களைப் பல்கலைக்கழக நூலகங்களில் படித்து ஒருவர் வாழ்க்கை வரலாறு எழுதினார். நேரடி மேற்கோளைக் குறைத்து, நெருக்கமாகத் தன் சொல்லில் மாற்றி எழுதியும்கூட 1987இல் நீதிமன்றம் தடுத்துவிட்டது. பிறகு 1992இல், வெளியிடப்படாதது என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான பயன்பாட்டை மறுக்கக் கூடாது என்று சட்டத்தைத் திருத்தினார்கள்.

வாய்மொழிப் பதிவு விஷயத்தில் இதைவிட எச்சரிக்கையாக இருங்கள். பாஸ்டன் கல்லூரி 2001 முதல் வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக்குழுவினரைப் பேட்டி எடுத்துச் சேமித்தது. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை வெளியே வராது என்று சொல்லித்தான் பேசவைத்தார்கள். 2011இல் பிரிட்டிஷ் காவல்துறைக்காக அமெரிக்க அரசு அந்த நாடாக்களைக் கேட்டது. வழக்கு மேல்முறையீடு வரை போனது. கடைசியில் ஒரு பகுதியைக் கொடுக்க வேண்டியதாயிற்று. நீங்கள் காப்பாற்ற முடியாத வாக்கை அந்தப் பெரியவருக்குக் கொடுக்காதீர்கள். சட்டப்படி கேட்டால் கொடுக்க வேண்டிவரும் என்பதைச் சம்மதப் படிவத்திலேயே எழுதுங்கள்.

ஆய்வு_மாணவி

இவ்வளவு அக்கறையாக எழுதியதற்கு நன்றி. பழைய_பெட்டி அக்கா (அண்ணனா என்று தெரியவில்லை), விலாசம் பற்றிச் சொன்னது பெரிய உதவி. படங்கள் எதையும் பின்னிணைப்பில் போடப் போவதில்லை.

கல்வெட்டு ஐயா, நிலக்கணக்கு ஏற்கெனவே என் இரண்டாம் இயலில் இருக்கிறது. ஆனால் அந்த 6 சதவீதம் 25 ஆனது என்ற எண், நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று ஒருவரும் நிலம் தலையில் விழுந்தது என்று இன்னொருவரும் வாதாட இடம் கொடுக்கிறது. மேலாளின் கடிதங்களில் இரண்டும் மாறிமாறி வருகின்றன. ஒரு கடிதத்தில் ரொக்கம்தான் வேண்டும், வயலை வைத்து என்ன செய்வது என்கிறார். சில மாதம் கழித்து நல்ல வயல் ஒன்று மலிவாக வருகிறது, விடக்கூடாது என்கிறார். எண்ணைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது. அதனால்தான் கடிதங்களை விட மனமில்லை.

இரண்டு சந்தேகம். கடிதங்களில் தமிழ் வருடம்தான் இருக்கிறது, அதை எப்படிக் குறிப்பது? அப்புறம், அச்சுக்கு முன் படித்துப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்கலாமா?

அடிக்குறிப்பு

இரண்டு தேதியையும் கொடுங்கள். கடிதத்தில் உள்ளபடி ஒன்று, ஆங்கில மாதம் ஒன்று. ஆண்டை மாற்றும்போது கவனம். பிரஜோத்பத்தி வருஷம் 1931 ஏப்ரலில் பிறந்தது. பிரஜோத்பத்தி ஆவணி என்றால் 1931தான். பிரஜோத்பத்தி தை என்றால் 1932 ஜனவரி-பிப்ரவரி ஆகிவிடும். இந்த ஒரு வருடப் பிசகை நிறையக் கட்டுரைகளில் பார்த்திருக்கிறேன். விலை மாதத்துக்கு மாதம் சரிந்த காலத்தில் இது வாதத்தையே கவிழ்த்துவிடும்.

அடிக்குறிப்பு இப்படி அமையலாம்: மேலாள் முதலாளிக்கு, பிரஜோத்பத்தி வருஷம் ஆவணி மாதம் (1931 ஆகஸ்ட்-செப்டம்பர்), கடிதம் 14, கட்டு 'அ', தனியார் சேகரிப்பு, சிவகங்கை மாவட்டம், குடும்பத்தாரின் வேண்டுகோளின்படி பெயர் தரப்படவில்லை, மூலத்தை ஆய்வாளர் நேரில் பார்த்துப் படம் எடுத்துள்ளார். அந்த 14, 'அ' எல்லாம் நீங்கள் கொடுத்த எண்கள்தான் என்று முன்னுரையில் சொல்லிவிடுங்கள். கட்டில் மொத்தம் எத்தனை கடிதம், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, எவை செல்லரித்துப் படிக்க முடியாமல் போயின, எவற்றை உங்களுக்குக் காட்டவில்லை என்பதும் முன்னுரையில் வர வேண்டும். இந்தக் கடைசி விவரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். குடும்பம் பொறுக்கிக் கொடுத்ததை மட்டும் பார்த்தீர்களா, முழுக்கட்டையும் பார்த்தீர்களா என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். பேரேட்டில் மாகாணி, அரைக்கால் போன்ற பழைய பின்னக் குறியீடுகள் இருந்தால் நீங்கள் படித்த தொகையோடு குறியீட்டையும் அப்படியே எழுதுங்கள்.

படித்துப் பார்ப்பது பற்றி: பிழை திருத்தவும் அடையாளம் தெரிகிறதா என்று பார்க்கவும் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். முடிவை மாற்றும் உரிமையைக் கொடுக்காதீர்கள். வட்டி விகிதம் அதிகமாகத் தெரிகிறது, எடுத்துவிடு என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? இதை இப்போதே பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

வடமராட்சி

நான் யாழ்ப்பாணப் பக்கம். 1981 யூன் 1 விடியும்போது எங்கட பொது நூலகம் எரிந்து கிடந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் போயின. வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அவற்றில் இருந்தன. ஒரு சுவடியை அதற்கு முன் யாரோ ஓர் ஆய்வாளர் பார்த்து, நாலு வரியை அப்படியே எடுத்தெழுதி, எத்தனை ஏடு, என்ன நிலையில் இருந்தது என்று அடிக்குறிப்புப் போட்டிருந்தால், இன்றைக்கு அந்தச் சுவடியில் எஞ்சியிருப்பது அந்த அடிக்குறிப்பு மட்டும்தான். 'ஒரு பழைய சுவடியில் காணப்படுகிறது' என்று எழுதிவிட்டுப் போனவர்களின் குறிப்பால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

ஆகையால் கல்வெட்டு ஐயா சொல்வதில் பாதியைத்தான் ஏற்கிறேன். எல்லோரும் பார்க்கக்கூடிய நிலை வந்த பிறகே மேற்கோள் காட்டலாம் என்று காத்திருந்தால் சில மூலங்களுக்கு அந்த நாள் வராமலே போய்விடும். போரில் வீடு வீடாக இடம்பெயர்ந்த சனத்தின் கடிதங்களும் காணி உறுதிகளும் அப்படித்தான் தொலைந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இணையத்தில் ஆவணங்களைச் சேர்ப்பதும் இந்த இழப்பின் பின்னணியில்தான். தங்கச்சி, நீங்கள் எடுத்த படங்களை உங்கள் கைத்தொலைபேசியில் மட்டும் வைத்திருக்க வேண்டாம்.

கல்வெட்டு

வடமராட்சி சொன்னது நியாயம், ஏற்கிறேன். அப்படியானால் என் நிபந்தனையை மாற்றிக்கொள்கிறேன். மூலம் வீட்டிலேயே இருக்கட்டும். படங்களின் ஒரு தொகுப்பைக் காப்பகம் ஒன்றில் ஒப்படைக்கக் குடும்பத்தைக் கேளுங்கள். இத்தனை வருடம் திறக்கக்கூடாது என்று காலவரை போட்டு வாங்கிக்கொள்ளுமா என்று காப்பகத்திடமும் கேளுங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமே கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வீட்டில் சேர்த்த சேகரிப்பிலிருந்து பிறந்ததுதான். செட்டிநாட்டுக் குடும்பத்துக்கு அதை எடுத்துச் சொன்னால் புரியும். அது நடக்கும்வரை, மதிப்பீட்டாளர்கள் மட்டும் படங்களைப் பார்க்கச் சம்மதம் வாங்குங்கள். எனக்கு அது போதும்.

பழைய_பெட்டி

காலவரை என்றால் நாங்களே யோசிப்போம். இதுவரை யாரும் எங்களிடம் அப்படிக் கேட்டதில்லை. (அண்ணன்தான், அக்கா இல்லை.)

ஆய்வு_மாணவி

அண்ணா, உங்கள் பதிலைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அடுத்த வாரம் அந்த வீட்டுக்குப் போகும்போது இரண்டு தாள் எடுத்துப் போகிறேன். ஒன்றில் அவர்கள் எதைப் படித்துப் பார்க்கலாம், எதை மாற்றச் சொல்ல முடியாது என்பது இருக்கும். இன்னொன்றில் மதிப்பீட்டாளருக்குக் காட்டுவதும் காப்பகத்தில் வைப்பதும். இரண்டாவதற்குச் சம்மதிக்காவிட்டாலும் முதலாவது போதும் என்று சொல்லிவிடுவேன். பெரியவரிடம் மறுபடி உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்யப் போகிறேன்.

பேராசிரியருக்கு எழுதினேன். கட்டுரை இதழ் ஒன்றின் பரிசீலனையில் இருக்கிறதாம், மேற்கோள் காட்டலாம், ஆனால் அட்டவணையைத் தொடாதே என்றார். 'வெளிவரவுள்ளது' என்று குறிக்கலாமா?

அடிக்குறிப்பு

கூடாது. இதழ் ஏற்றுக்கொண்ட பிறகுதான் அப்படிக் குறிக்கலாம். இப்போதைக்கு 'வெளியிடப்படாத கையெழுத்துப்படி, ஆசிரியர் அனுமதியுடன்' என்று போட்டு, அவர் அனுப்பிய வடிவத்தின் தேதியையும் சேருங்கள். ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் இன்னொரு தடவை அவரிடம் கேளுங்கள். அதற்குள் அச்சேறியிருந்தால் பக்க எண்ணோடு மாற்றிவிடலாம், வாதம் மாறியிருந்தால் நீங்கள் எடுத்த வரி அதில் இன்னும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.